பயிற்சிக்களம் ஊருக்கு வெளியே போனால்: ஓர் இடத்தேர்வுப் பாடம்

ஒரு கிரிக்கெட் அணிக்கு மைதானம் ரெண்டு வகை. போட்டி நடக்கிறது ஒண்ணு. அதை டிவியில பார்க்கிறோம். பயிற்சி நடக்கிறது இன்னொண்ணு. அதை யாரும் பார்க்கிறதில்ல. முதல் வகையைப் பத்திப் பேச ஊர் முழுக்க ஆள் இருக்கு. இந்தக் கட்டுரை ரெண்டாவது வகையைப் பற்றியது. பயிற்சிக்களத்தை எங்கே வைக்கணும், அதை ஏன் நகரத்துக்கு நடுவிலிருந்து வெளியே கொண்டுபோறாங்க, அப்படிப் போனா யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதெல்லாம் சிவில் படிக்கிறவங்க மட்டும் போடவேண்டிய கணக்கு இல்ல. நீங்க எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கிட்டு உட்காருங்க. பிளஸ் டூ கணக்கே போதும்.

உடன்குடிப் பக்கத்து ஆளுக்கு இடத்தேர்வுன்னா என்னன்னு புதுசா சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து ஊரான குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி அடிக்கல் நாட்டினாங்க. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ராக்கெட் விட்டால் இலங்கை குறுக்கே நிற்கும். அதைச் சுற்றி வளைத்துப் போகணும், அதில் எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து விட்டால் நேர் தெற்கே கடல்தான். சின்ன ராக்கெட்டுக்கு அந்த மிச்சம் ரொம்பப் பெரிசு. ராக்கெட் அதேதான், எரிபொருளும் அதேதான். புறப்படும் இடம் மாறினதும் தூக்குற எடை கூடுது. இதே கண்ணோட்டத்தோடு இப்போ மைதானத்துக்கு வருவோம்.

போட்டி நகரும் வேகமும் பயிற்சி நகரும் வேகமும்

2018 ஏப்ரல் 10-ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடியது உங்களுக்கு நினைவிருக்கலாம். காவிரிப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம் அது. மிச்சமிருந்த உள்ளூர் ஆட்டங்களை எல்லாம் புனேக்கு மாற்றினாங்க. ஏப்ரல் 20-ஆம் தேதி புனேயில் முதல் ஆட்டம். பத்தே நாளில் ஓர் அணியின் 'சொந்த மைதானம்' ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் போயிருச்சு. அந்த வருஷம் கோப்பையும் அவங்களுக்குத்தான் கிடைச்சுது.

போட்டி மைதானத்தை இப்படிப் பத்து நாளில் மாற்ற முடியும். ஏற்கெனவே கட்டின ஸ்டேடியம் ஒண்ணு எங்காவது இருந்தா போதும். பயிற்சிக்களம் அப்படி இல்ல. பெங்களூரில் தேசிய கிரிக்கெட் அகாடமி 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சின்னசாமி ஸ்டேடியம்தான் அதன் இருப்பிடம். நகரத்தின் நடுவில், மாநிலச் சங்கத்தின் ஆட்டங்களும் ஐ.பி.எல். ஆட்டங்களும் நடக்கிற இடத்தில், இருபது வருஷத்துக்கு மேல பங்கு போட்டுக்கிட்டு ஓடுச்சு. புது இடத்துக்கு அடிக்கல் நாட்டினது 2022-இல். புறநகரில், கெம்பேகவுடா விமான நிலையப் பக்கம், 40 ஏக்கரில் அது 'சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ்' என்ற பெயரோடு திறக்கப்பட்டது 2024 செப்டம்பரில்.

சென்னையிலும் இதே போக்குதான். 2025 சீசனுக்கு முன்னாடி சூப்பர் கிங்ஸ் அணி தன் முகாமை நாவலூரில் உள்ள தன் பயிற்சி மையத்தில் நடத்தியது. சேப்பாக்கத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தெற்கே போகணும்.

ஏன் இப்படி எல்லாரும் ஊருக்கு வெளியே ஓடுறாங்க? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கணக்கு 1: நேரம்

ஓர் அணியில் 20 பேர் பேட்டிங் பயிற்சி எடுக்கணும், ஆளுக்கு 30 நிமிஷம்னு வச்சுக்கோங்க. மொத்தம் 600 நிமிஷம், அதாவது 10 மணி நேரம். ஒரே ஒரு வலைன்னா முழுப் பகலும் போச்சு. நாலு வலை இருந்தா இரண்டரை மணி நேரத்தில் முடிஞ்சிரும். இது வரைக்கும் எளிது.

ஆனா பிட்ச் என்பது டென்னிஸ் கோர்ட் மாதிரி இல்ல. அது தேயும். வேகப்பந்து வீச்சாளரின் கால் விழுற இடம் குழியாகும், பந்து விழுற இடம் உதிரும். ஆடின பிட்சுக்குத் தண்ணி விட்டு, ரோலர் ஓட்டி, காய வச்சு, கொஞ்ச நாள் ஓய்வு கொடுக்கணும். ஒரு பிட்சை ஒரு நாள் ஆடிட்டு நாலு நாள் ஓய்வு விடுறதா வச்சுக்கிட்டா, தினமும் நாலு வலை ஓட மொத்தம் 20 பிட்ச் தேவை. நகர ஸ்டேடியத்தில் நடுச்சதுரத்தில் இருக்கிற பிட்சுகளைப் போட்டிக்காகப் பொத்திப் பொத்தி வைப்பாங்க. பயிற்சிக்கு ஓரத்தில் கொஞ்சம் இடம் கிடைக்கும். அதையும் மாநில அணி, ஜூனியர் அணி, பெண்கள் அணி எல்லாரும் கேட்பாங்க.

பெங்களூரின் புது மையத்தில் மூணு மைதானங்களிலும் சேர்த்து 33 பிட்ச். வெளியே வலைப்பயிற்சிக்கு 45. கூரைக்குள்ளே 8. மொத்தம் 86. ஒரு பக்கம் சீனியர்கள் ஆடிக்கிட்டு இருக்கும்போதே இன்னொரு பக்கம் 19 வயதுக்கு உட்பட்டோர் முகாம் நடக்கலாம், காயத்திலிருந்து தேறி வர்றவங்க தனியா ஒரு மூலையில் பந்து வீசலாம். ஒருத்தர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கத் தேவையில்ல. புறநகர் கொடுக்கிற முதல் லாபம் இதுதான்.

கணக்கு 2: பரப்பு

அங்கே முதன்மை மைதானத்தின் எல்லைக்கோடு 85 கெஜம், மற்ற ரெண்டுக்கும் 75 கெஜம். மைதானம் வட்டம்னு எடுத்துக்கிட்டு நீங்களே போட்டுப் பாருங்க. 85 கெஜம் என்பது 77.7 மீட்டர். பை ஆர் ஸ்கொயர் போட்டா சுமார் 18,970 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 4.7 ஏக்கர். 75 கெஜம் என்பது 68.6 மீட்டர், சுமார் 14,780 சதுர மீட்டர், 3.65 ஏக்கர். மூணையும் கூட்டினா 12 ஏக்கர்.

இருக்கிறது 40 ஏக்கர். மைதானத்தோட பச்சைக்குப் போனது 12. மீதி 28 ஏக்கர் எதுக்கு? வலைகள், உடற்பயிற்சிக் கூடம், உள்ளரங்கம், தங்குமிடம், சாலை, வண்டி நிறுத்துமிடம், தண்ணித் தொட்டி, வடிகால். ஒரு பயிற்சி மையத்தில் ஆடுகளத்தைவிட ஆடுகளத்தைச் சுற்றி இருக்கிறதுதான் அதிக இடம் பிடிக்கும் என்பதை இந்தக் கணக்கு காட்டுது. நகரத்துக்கு நடுவில் 40 ஏக்கர் காலியா கிடைக்காது. அப்படியே கிடைச்சாலும் அந்த விலைக்கு யாரும் வலை கட்ட மாட்டாங்க.

கணக்கு 3: தண்ணி

ஒரு மழையில் 50 மில்லிமீட்டர் கொட்டுதுன்னு வைங்க. நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் இது அதிசயமில்ல. 18,970 சதுர மீட்டர் பரப்பில் 0.05 மீட்டர் உயரத் தண்ணின்னா சுமார் 950 கன மீட்டர், ஒன்பதரை லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கிற டேங்கர் லாரியில் அள்ளினா 79 லாரி. ஒரே மைதானத்துக்கு இவ்வளவு!

இதை வடிக்கப் புல்லுக்குக் கீழே மணல் அடுக்கு, அதுக்குக் கீழே ஜல்லி, ஜல்லிக்குள்ளே துளையிட்ட குழாய், குழாய்க்குச் சரிவு, சரிவு முடியுற இடத்தில் வாய்க்கால் எல்லாம் வேணும். சின்னசாமி ஸ்டேடியத்தில் 2017-லேயே காற்றை உறிஞ்சி நிலத்தடியில் தண்ணியை இழுக்கும் சப்-ஏர் முறையைப் பொருத்திட்டாங்க. அப்போ ஒரு விஷயம் தெளிவாகுது. தொழில்நுட்பத்தை நகரத்துக்குள்ளும் கொண்டுவர முடியும். இடத்தைத்தான் கொண்டுவர முடியாது. புறநகரில் காலி நிலத்தில் தொடங்கும்போது வடிகாலை முதலில் போட்டுட்டு அதுக்கு மேல மைதானம் கட்டலாம். ஏற்கெனவே இருக்கிற மைதானத்தைத் தோண்டி வடிகால் போடுறதைவிட அது எளிது.

மண் பாடம்: தேரியில் பிட்ச் போடலாமா?

பெங்களூர் மையத்தில் மூணு விதமான மண்ணால் பிட்ச் போட்டிருக்காங்க. முதன்மை மைதானத்தின் 13 பிட்சுகளுக்கு மும்பையிலிருந்து செம்மண். மற்ற மைதானங்களில் 11 பிட்சுக்கு மாண்டியா மண், 9 பிட்சுக்கு ஒடிசாவின் காளாஹண்டியிலிருந்து கரிசல். 13, 11, 9 கூட்டினா மேலே சொன்ன 33 வரும்.

மூணு மண் எதுக்கு? பிட்ச் மண்ணின் உயிர் களிமண் துகள். ஈரத்தில் விரிந்து காய்ஞ்சதும் இறுகுற தன்மைதான் பந்தை எழும்ப வைக்குது. கரிசலில் அந்த விரியும் களி அதிகம். ஈரத்தை நெடுநேரம் பிடிச்சு வைக்கும்; பந்து பொதுவா தாழ்வா, மெதுவா வரும். செம்மண் பிட்சில் பந்து நல்லா எழும்பும், ஆனா காய்ஞ்சு சீக்கிரம் உதிரும். மும்பையில் ஆடப் போறவன் கரிசலில் மட்டுமே பயிற்சி எடுத்தா, பந்து நெஞ்சுக்கு வரும்போது முழிப்பான். அதனால ஒரே வளாகத்தில் மூணு ஊர் மண்.

இதைப் படிச்சதும், "நம்ம ஊர்லதான் செம்மண் தேரி கண்ணுக்கு எட்டுன தூரம் கிடக்கே, அதுல ஒரு பிட்ச் போட்டா என்ன?"ன்னு தோணும். தோணணும். ஆனா தேரியின் சிவப்பு வேற. அது மணல் துகள் மேல இரும்பு ஆக்சைடு பூசின நிறம். களி ரொம்பக் குறைவு. கையில் ஈரமா பிடிச்சா உருண்டை நிற்கும். காய்ஞ்சா பொலபொலன்னு உதிர்ந்திரும். தண்ணி நிக்காமல் இறங்கும், அது மைதானத்துக்கு நல்லது. பிட்சுக்கு மட்டும் ஆகாது. நிறத்தைப் பார்த்து மண்ணைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. லேபில் சல்லடை போட்டு, களி அளவு பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கணும். சாயில் மெக்கானிக்ஸ் லேபுக்கு எதுக்குப் போறோம்னு கேட்குறவங்களுக்கு இதுவே பதில்.

அமெரிக்காவில் பழைய பாடம்

அமெரிக்கப் பேஸ்பாலில் இந்தச் சீசன் முகாமுக்குன்னே ஒரு பேர் இருக்கு: ஸ்பிரிங் டிரெய்னிங், வசந்தகாலப் பயிற்சி. பிப்ரவரி மத்தியில் தொடங்கி மார்ச் கடைசி வரைக்கும் நடக்கும். வடக்கே பனி கொட்டும்போது 30 அணிகளும் வெயில் தேடித் தெற்கே போகும். 15 அணிகள் புளோரிடாவுக்கு, 15 அணிகள் அரிசோனாவுக்கு. ஒன்றரை மாசம் அந்த ஊர்களில் ஹோட்டலும் சாப்பாட்டுக் கடையும் அதை நம்பித்தான் ஓடும். நம்ம குலசை தசரா நாட்களைப் போல ஒரு பருவம்னு வச்சுக்கோங்க.

டாட்ஜர்ஸ் என்ற அணி 1948-லிருந்து 2008 வரைக்கும் புளோரிடாவின் வீரோ பீச் என்ற சின்ன ஊரில் பயிற்சி எடுத்தது. பழைய கடற்படை விமானத்தளம் அது. இனப்பாகுபாடு சட்டமாவே இருந்த தெற்குப் பகுதியில் கறுப்பின வீரர்களுக்கு ஹோட்டலில் அறை கிடைக்காத காலம். பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் ஆடிய அணி டாட்ஜர்ஸ்தான். தளத்துக்குள்ளேயே தங்குமிடமும் சாப்பாடும் இருந்ததால் அந்த அணியில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே வளாகத்தில் தங்கினாங்க. பயிற்சி மையத்துக்குள்ளே விடுதி இருக்கிறது வசதிக்கு மட்டுமில்ல, சமத்துவத்துக்கும் உதவும் என்பதுக்கு இது சாட்சி.

1958-இல் அந்த அணி நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து நாட்டின் மறுகோடியான லாஸ் ஏஞ்சலஸுக்குப் போயிருச்சு. ஆனா பயிற்சி இடத்தை மட்டும் மாற்றலை. இன்னும் ஐம்பது வருஷம் வருஷா வருஷம் நாட்டைக் குறுக்கே கடந்து வீரோ பீச்சுக்கே போனாங்க. கடைசியில் 2009-இல்தான் அரிசோனாவில் பீனிக்ஸ் நகரத்தின் புறநகரான கிளெண்டேலுக்கு மாறினாங்க. கேமல்பேக் ராஞ்ச் என்ற அந்த வளாகம் அந்த நகராட்சியின் சொத்து. சிகாகோவின் ஒயிட் சாக்ஸ் அணியும் அங்கேயே பங்காளி.

ஏன் மாறினாங்க? ரசிகர்கள் இருக்கிற லாஸ் ஏஞ்சலஸுக்கு அது பக்கம் என்பது ஒண்ணு. அணிகள் நெருங்கி இருப்பது இன்னொண்ணு. பீனிக்ஸைச் சுற்றி இப்போ 10 மைதானங்களில் 15 அணிகள். காலையில் பஸ் ஏறினா கொஞ்ச நேரத்தில் இன்னொரு அணியோட பயிற்சி ஆட்டம் ஆடிட்டு ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பிரலாம். பயணத்தில் போகிற நேரம் பயிற்சிக்கு மிஞ்சுது.

இப்போ மறுபக்கத்தையும் பாருங்க. ஒயிட் சாக்ஸ் அதுக்கு முன்னாடி ட்யூசான் என்ற ஊரில் இருந்தது. அங்கேயே இருந்த மற்ற ரெண்டு அணிகளும் 2011-இல் பீனிக்ஸ் பக்கம் புது மைதானத்துக்குப் போயிருச்சு. ஒரு ஊரில் மூணு அணி இருந்து, மூணு வருஷத்துக்குள்ளே ஒண்ணுகூட இல்லாமல் ஆச்சு. அணிகள் ஒரே இடத்தில் குவிஞ்சா குவிஞ்ச இடத்துக்கு லாபம். விட்டுட்டுப் போன ஊரில் காலி மைதானம் மட்டும் மிச்சம்.

நம்ம நெல்லைப் பக்கம்

தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-இல் தொடங்கினபோது சேப்பாக்கத்தோடு சேர்த்து ரெண்டு வெளியூர் மைதானங்கள் வந்தன. ஒண்ணு திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானம். ஆமா, ஒரு கல்லூரி வளாகம்! இன்னொண்ணு நம்ம நெல்லைக்கு வடக்கே, தாழையூத்துப் பக்கம் சங்கர் நகரில் உள்ள இந்தியா சிமென்ட்ஸ் மைதானம். அந்த நிறுவனத்தின் முதல் ஆலை 1949-இல் ஓடத் தொடங்கின இடம் அது. ரெண்டுக்கும் பொதுவானது என்ன? ஊருக்கு வெளியே சொந்தமா நிலமும், மைதானத்தைத் தினமும் பராமரிக்க ஆளும் வச்சிருக்கிற ஒரு நிறுவனம். மைதானம் கட்டுறது ஒரு நாள் விழா. ரோலர் ஓட்டுறது தினசரி வேலை.

அதே லீகில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. முதல் கோப்பையை வென்றது தூத்துக்குடி பேரைத் தாங்கின டூட்டி பேட்ரியாட்ஸ். அந்த அணி 2021-இல் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆச்சு. காஞ்சி வீரன்ஸ் என்றிருந்த அணி அதே வருஷம் நெல்லை ராயல் கிங்ஸ் ஆச்சு. 2023-இல் அந்த நெல்லை அணி சங்கர் நகரிலேயே இறுதி ஆட்டம் ஆடி, கோவையிடம் தோற்றது. அணியின் பேரை ஒரு கையெழுத்தில் மாற்றிரலாம். தூத்துக்குடி பேரு போனதால் இங்கே யாருக்கும் பயிற்சி குறையலை, ஏன்னா அந்தப் பேரோடு இங்கே ஒரு பயிற்சிக்களம் வரவே இல்லை.

இனி முக்கியமான கணக்கு. உடன்குடியிலிருந்து சங்கர் நகருக்கு 70 கிலோமீட்டருக்கு மேல. பஸ்ஸில் ஒரு வழிக்கு ரெண்டு மணி நேரத்துக்குக் குறையாது. கிட் பேக்கைத் தூக்கிக்கிட்டு ஒரு பத்தாங்கிளாஸ் பையன் வாரம் மூணு நாள் போறான்னு வைங்க. பயணம் மட்டும் 12 மணி நேரம், பயிற்சி ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம்னா 6 மணி நேரம். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு ரெண்டு மணி நேர பஸ். பையனுக்குப் பதிலா ஒரு பொண்ணுன்னு வச்சுக்கிட்டா, "ராத்திரி எட்டு மணிக்கு யாரு கூட்டிட்டு வாரது?" என்ற கேள்வியும் சேரும். பல வீட்டில் அந்தக் கேள்வியோடயே ஆட்டம் முடிஞ்சிரும்.

பெங்களூர் மையத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்க. அங்கே பயிற்சிக்கு வர்றவங்க நாடு முழுவதிலிருந்தும் விமானத்தில் வர்றாங்க. அவங்களுக்கு நகர நடுவைவிட விமான நிலையப் பக்கம்தான் கிட்ட. அதனால புறநகருக்குப் போனது அவங்களுக்கு நஷ்டமே இல்ல. நாவலூருக்கு வர்ற ஐ.பி.எல். வீரர்களுக்கு அணியே வண்டி அனுப்பும். ஆனா ஒரு மாவட்ட அகாடமியை இதே மாதிரி "வெளியே நிலம் மலிவு"ன்னு நகர்த்தினா, பஸ் ஸ்டாண்டை நம்பி வர்ற பிள்ளைங்க முதல் மாசமே நின்னுருவாங்க. நிலத்தில் மிச்சமான காசை அந்தப் பிள்ளைங்க பஸ்ஸில் கட்டுறாங்க.

அதனால பயிற்சிக்களத்துக்கு இடம் தேர்வு பண்ணும்போது முதல் கேள்வி நிலத்தோட விலை இல்ல. அங்கே வர்றவங்க எதுல வர்றாங்க என்பதுதான் முதல் கேள்வி. விமானத்தில் வர்றாங்கன்னா விமான நிலையப் பக்கம். பஸ்ஸில் வர்றாங்கன்னா பஸ் நிற்கிற இடத்துப் பக்கம். ரெண்டும் முடியலைன்னா விடுதியோ கடைசி பஸ்ஸோ திட்டத்துக்குள்ளேயே சேரணும். அந்தச் செலவையும் கூட்டின பிறகுதான் எது மலிவுன்னு சொல்லணும்.

வீட்டுப்பாடம்

40 ஏக்கர் நம்மால முடியாது. ஒரு வலை முடியும். சிமென்ட் தளம் போட்டு மேல கயிற்றுப்பாய் விரிச்ச பிட்ச் ஒண்ணு நம்ம ஊர்ப் பள்ளிக்கூட மைதான ஓரத்தில் போடலாம். 22 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனம். 5.5 கன மீட்டர் கான்கிரீட். 1:1.5:3 கலவைக்குக் கன மீட்டருக்கு 8 மூட்டைன்னு வச்சா 44 மூட்டை சிமென்ட். புல் பிட்ச் அளவுக்குத் தரம் வராது. ஆனா தினமும் தண்ணி வேண்டாம், ரோலர் வேண்டாம், ஓய்வு வேண்டாம். மேலே கணக்கு 1-இல் பார்த்த 'நாலு நாள் ஓய்வு' இங்கே சுழியம்.

இப்போ நீங்க செய்யவேண்டியது மூணு. ஒண்ணு, உடன்குடி, குலசை, மெஞ்ஞானபுரம், பரமன்குறிச்சி நாலையும் ஒரு வரைபடத்தில் குறிச்சு, நாலு ஊர்ப் பிள்ளைங்களும் 30 நிமிஷத்துக்குள்ளே சைக்கிளிலோ டவுன் பஸ்ஸிலோ வந்து சேரக்கூடிய இடத்தைக் கண்டுபிடிங்க. ரெண்டு, அந்த இடத்து மண்ணை எடுத்து லேபில் சல்லடைப் பரிசோதனை பண்ணி, தண்ணி எவ்வளவு வேகமா இறங்குதுன்னு பாருங்க. மூணு, 44 மூட்டையோடு ஜல்லி, மணல், வலை, கம்பம், பாய், கூலி எல்லாம் சேர்த்து இன்றைய உள்ளூர் விலையில் ஒரு எஸ்டிமேட் போடுங்க.

ஒரே பக்கத்தில் எழுதி ஆசிரியர் குழுவிடம் கொடுங்க. நல்லா வந்திருக்கிற மூணு எஸ்டிமேட்டை அடுத்த இதழில் போடுவோம். பக்கத்தில் இருக்கிற பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் யாராவது அதைப் பார்த்து, "இவ்வளவுதானா செலவு?"ன்னு கேட்டா, பதில் சொல்ல நீங்க அங்கே இருக்கணும்.